காத்தாயி அழவில்லை என்று சொல்லப் போனேன்

பாட்டில் ஒரு வரியை எடுக்கச் சொல்வதற்காகக் கடல் தாண்டிப் போனவன் திருச்சி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கும் பாட்டுக்கும் உள்ள சம்பந்தம், ஒலிபெருக்கிக் கூம்பை எந்தப் பனைமரத்தில் கட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதோடு சரி. மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். கூம்புக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியதில் இடது காது பாதி போய்விட்டது. முழுவதும் போய்விட்டது என்பது என் மனைவியின் கட்சி.

காத்தாயி எங்கள் வீட்டில் சமையல் செய்கிறாள். சிலோனில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு அரசாங்கங்களும் பேசி ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்து, நாற்பது வயதுக்கு மேல் தம்பி குடும்பத்தோடு கப்பலேறி வந்தாள். புருஷன் எப்போதோ இறந்துவிட்டான். கறாரான பெண்பிள்ளை. பால்காரன் அவளைக் கண்டால் தண்ணீர் கலப்பதைப் பற்றி நினைக்கவே மாட்டான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அதே தோட்டத்திலிருந்து இன்னொரு கூட்டம் வந்து இறங்கியது. வந்தவர்கள் சும்மா வரவில்லை, ஒரு பாட்டையும் கொண்டுவந்தார்கள். காத்தாயி தோட்டத்தை விட்டுப் போன நாளைப் பற்றி அங்கே சன்னாசி என்பவர் கட்டிய பாட்டு. இவர்களுக்கென்று கட்டிக்கொடுத்த காலனியில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அதைப் பாடினார்கள். அதில் இரண்டு வரி இப்படி:

லொறி திரும்பையிலே திரும்பிப் பாத்தா,
கண்ணு நெறஞ்சுது, கையை ஆட்டலை.

அன்றிலிருந்து காலனியில் அவள் பெயர் 'அழுத காத்தாயி' என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக் குழம்பில் காரம் ஏறிக்கொண்டே போனது.

"நான் அழுவலைங்க ஐயா. எங்கம்மா செத்தப்பவே அழுவாதவ நான். லொறித் தூசி விழுந்துச்சு, தொடைச்சேன். அவ்வளவுதான். ஊரு ஊரா என்னைய அழுவ வச்சுட்டாரு அந்த மனுசன்" என்று கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "நீங்க அந்தப் பக்கம் போறதாத்தானே அம்மா சொன்னாங்க? அந்த வரிய எடுக்கச் சொல்லிட்டு வாங்க."

நான் போவதாக இருந்தது உண்மைதான். இரத்தினபுரியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் பெரியப்பா மகன், தன் மகள் சடங்குக்கு அழைத்திருந்தார். பாட்டு என்ன, பத்திரமா, ரத்து செய்வதற்கு என்று கேட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து, "போய்ச் சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா இந்தக் காரத்தை நீங்க மட்டும் சாப்பிடுங்க" என்றாள்.

சன்னாசி மிகவும் மெதுவாகப் பாடுவார் என்று காத்தாயி சொல்லியிருந்தாள். மெதுவாகப் பாடுகிறவர் என்றால் மைக் இல்லாதவர் என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியாது. ஆகவே கடையிலிருந்து ஒரு நல்ல கூம்பை எடுத்து, சாக்கில் சுற்றி, அன்பளிப்பாகக் கொண்டுபோனேன்.

சடங்கு முடிந்த மறுநாள் இரத்தினபுரியில் பஸ் ஏறினேன். கண்டக்டர் கூம்பைத் தட்டிப் பார்த்து, "மேக்க மொகத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நான் கையை வாயில் குவித்து "ஓ" என்று கத்திக் காட்டினேன். முன்சீட்டுக் குழந்தை அழுதது. சீட்டில் உட்காரும் எதற்கும் டிக்கெட் உண்டு என்று கண்டக்டர் சிங்களத்தில் தீர்ப்புச் சொல்லி, கூம்புக்கு ஒரு முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எங்கள் ஊர் என்றால் இதற்கே பஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பியிருக்கும்.

அப்போது அங்கே அரிசிக்குப் பஞ்சம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அரிசி கடத்தக்கூடாது என்று வழியில் மறித்துச் சோதனை போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் கூம்பின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். உள்ளேயிருந்து ஒரு பலாக்காய் வந்தது. பின்சீட்டு அம்மாள், இடமில்லை என்று என்னைக் கேட்காமலே அதை வைத்திருக்கிறாள். போலீஸ்காரர் பலாக்காயையும் கூம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு விளங்கவில்லை. பலாக்காயை மறுபடி உள்ளேயே வைத்து, மரியாதையாக மூடிவிட்டுப் போனார்.

றக்வானையைத் தாண்டி ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் இறங்கி, குடையை விரித்து, மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தார்கள். வெறும் பஸ் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. நானும் நடந்தேன். அட்டைகள் காலில் ஏறி ரத்தம் குடித்தன. டிக்கெட் வாங்கியவர்களில் கடைசிவரை உட்கார்ந்தே மலை ஏறியது கூம்பு மட்டும்தான்.

தோட்டத்தில் என்னை வரவேற்றவர் பெருமாள். அங்கே தொழிற்சங்கத்துக்குத் தலைவர் அவர், அதனால் எல்லோரும் 'தலைவர்' என்றே கூப்பிட்டார்கள். தொழிலாளிகள் குடியிருக்கும் இடத்துக்கு லயம் என்று பெயர். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். அறையைக் காம்பிரா என்கிறார்கள். தலைவர் வீட்டில் தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்தார்கள். அந்தச் சம்பலின் காரத்தில்தான் காத்தாயியின் சமையல் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தது. தேத்தண்ணி வந்தது. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்கவேண்டுமாம். குடித்தேன். உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற மலையில் தொழிலாளிக்கு மிஞ்சுவது தூள்தான். எங்கள் ஊர்க் காப்பியை நினைத்துப் பெருமை வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது.

கூம்பைப் பிரித்து வைத்தேன். லயமே கூடி நின்று பார்த்தது.

"நல்ல சாமான்ங்க. கரண்டுக்கு என்னாங்க செய்யிறது?" என்றார் தலைவர்.

கரண்ட் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவிலும் பாக்டரியிலும் மட்டும்தான் இருந்தது. லயத்தில் குப்பி விளக்கு. இதை நான் திருச்சியிலேயே கேட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் யாரோ கூம்பைக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கவிழ்த்துக் கட்டிவிட்டார்கள். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு சிந்தாமல் அண்டாவில் இறங்கியது. என் தொழிலில் இவ்வளவு மனமார்ந்த பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் சன்னாசியின் காம்பிராவுக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும். பகலில் தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும் வேலை. கைகள் முழுக்கக் கீறல். சுவரில் நாலு தந்தி உள்ள ஒரு கிட்டார் தொங்கியது. மற்ற இரண்டும் அறுந்த பிறகு மாற்றவில்லையாம். வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்ல வேண்டாம், முதலில் ஒரு பாட்டைக் கேட்போம் என்று அவர் எதிரில் சப்பணம் கூட்டி உட்கார்ந்தேன்.

"பாடுங்க" என்றேன்.

அவர் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். தந்திகளுக்குக் கீழே ஒரு துண்டைச் செருகினார். முறுக்கினார், தளர்த்தினார். எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தார். மறுபடி முறுக்கினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பாட்டு மட்டும் வரவில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அண்ணே, விருந்தாளிய எழுப்பி அந்தப் பக்கம் அனுப்புங்க. எங்களுக்கு வெள்ளன பெரட்டுக்குப் போவணும்."

பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அதற்கும் நான் உட்கார்ந்திருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். தலைவர் வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

"ஐயா, பாடுறவர எதுக்க குந்திப் பாக்கிறதாங்க? குளிக்கிற எடத்துல போயி நிக்கிற மாதிரி இல்லீங்களா?"

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். லயத்தில் காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நின்றுவிடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே லயம் முழுக்க ஒரே வெளி. ஒரு காம்பிராவில் இருமினால் கடைசிக் காம்பிராவில் கேட்கும். சன்னாசி சின்ன வயதில் பாட ஆரம்பித்தபோது அடுத்த காம்பிராக்காரர்கள் தூங்கவேண்டுமே என்று அடக்கிப் பாடியிருக்கிறார். அவர்களோ தூங்காமல் கேட்டிருக்கிறார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் பாடும்போது எல்லோரும் அவரவர் காம்பிராவுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்டவர் அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை.

சன்னாசியின் காம்பிராவை ஒட்டிய காம்பிராவில் என்னை விட்டார்கள். காத்தாயி இருந்த காம்பிரா அதுதான். அவள் போனபிறகு அங்கே விறகும் தலைவரின் ஆடும் இருந்தன. சாக்கை விரித்து, வலது காதை மேலே வைத்துப் படுத்தேன். ஆடு என்னை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்தது.

முதலில் தந்தி கேட்டது. துண்டு அமுக்கியிருந்ததால் ரீங்காரம் இல்லை. மரத்தில் விரல் உரசுவதுகூடத் தனியாகக் கேட்டது. பிறகு குரல். நல்ல குரல் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊர் மேடையில் ஏற்றினால் முன்வரிசைக்காரனே எழுந்து கத்துவான். பாட்டும் பெரிய விஷயத்தைப் பற்றியதல்ல. லெட்சுமி என்ற பெண்ணின் கரண்டி காணாமல் போனதைப் பற்றி. அடுப்பு அங்கேயே இருக்கிறது, சட்டி அங்கேயே இருக்கிறது, கரண்டி மட்டும் யாரிடமும் சொல்லாமல் எங்கே போயிற்று என்று கேட்கிறார். அவ்வளவுதான் பாட்டு.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஆடும் அசைபோடுவதை நிறுத்தியது. யாரோ என் பக்கத்தில் படுத்துக்கொண்டு எனக்கு மட்டும் சொல்வதுபோல் இருந்தது. என் தொழிலில் சத்தத்தைக் கொண்டுபோய் ஜனங்களின் தலையில் கொட்டுகிறேன். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு, பந்தியில் சாம்பார் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒரு வார்த்தை தவறிப்போகுமோ என்று நான் அல்லவா பாட்டின் பின்னாலேயே போகவேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு பம்பாய்க்குப் போன என் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கரண்டிக்காக.

பாட்டு முடிந்ததும் சுவர்களுக்கு மேலே ஒரு குரல் வந்தது. "அண்ணே, கரண்டி இல்ல. அகப்பை."

"அப்படியா தங்கச்சி?" என்றார் சன்னாசி. இரண்டு தந்தியைத் தட்டி, வரியை அகப்பைக்குத் தகுந்தபடி மாற்றிப் பாடினார். "இப்ப சரிண்ணே" என்றாள் லெட்சுமி. லயம் தூங்கிவிட்டது.

மறுநாள் தலைவர் இந்த ஏற்பாட்டை விளக்கினார். பாட்டு யாரைப் பற்றியதோ அவர் தம் காம்பிராவிலிருந்து சரி என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் அது பாட்டு. இல்லை என்றால் திருத்தவேண்டும். காத்தாயியைப் பற்றிய பாட்டை சன்னாசி காலியாகக் கிடந்த காம்பிராவைப் பார்த்துப் பாடியிருக்கிறார். பதில் வரவில்லை.

"அப்புறம் யார் சரி சொன்னது?" என்றேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நான்தாங்க. மெம்பர் இல்லாத எடத்துல தலைவர் பேசலாமுங்க. சங்கத்துச் சட்டம்."

"அவள் அழவில்லை என்கிறாள். ஆட்சேபம் தெரிவிக்கத்தான் நான் வந்திருக்கிறேன்."

தலைவரின் முகம் மாறியது. சம்பள உயர்வு கேட்டுத் துரையிடம் போகும்போது எப்படி இருப்பாரோ அப்படி ஆகிவிட்டார். விசாரணை வைக்கவேண்டும், வெளிநாட்டு விவகாரம் ஆனதால் ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று என்னைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரிடம் கூட்டிப்போனார்.

போகும் வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை நிறுத்தி, "நேத்து பாட்டு கேட்டீங்களாமே? அது கரண்டியப் பத்துனது இல்லீங்க. கொழும்புக்குப் போயி தகவலே இல்லாத எங்க மவனைப் பத்துனது" என்றாள். கொஞ்ச தூரத்தில் இன்னொருவர், அது செத்துப்போன தன் பெண்சாதியைப் பற்றியது என்றார். நான் யாரையும் மறுக்கவில்லை. அது என் தம்பியைப் பற்றியது என்று எனக்கு அல்லவா தெரியும்.

கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. தலைவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வரியை எடுக்கவோ இந்தியாவிலையிருந்து வந்தனீங்கள்? நல்ல வேலை. பாருங்கோ, அது பாட்டே இல்லை. ராகமுமில்லை, தாளமுமில்லை. நான் உதுகளைக் கேக்கிறேல்லை."

பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "காத்து இந்தப் பக்கம் அடிச்சால் மட்டும் கதிரையைக் கொண்டுபோய் வெளியிலை போட்டுக்கொண்டு இருப்பன்" என்றார்.

விசாரணை அன்று சாயங்காலமே நடந்தது. மரத்தடியோ மேடையோ இல்லை. பாட்டு விவகாரத்தைப் பாட்டுக் கேட்கும் முறையில்தான் விசாரிக்கவேண்டுமாம். எல்லோரும் அவரவர் காம்பிராவுக்குள் போனார்கள். காத்தாயி தரப்பில் நான் ஆட்டோடு உட்கார்ந்தேன். கிளாக்கர் தொழிலாளிகளின் காம்பிராவுக்குள் நுழைய மனமில்லாமல் வெளியே மழையில் குடை பிடித்து நின்றார்.

"எல்லாரும் உள்ள போயாச்சா?" என்று தலைவரின் குரல் வந்தது. "இந்தியாக்காரர் பேசுங்க."

பேசினேன். மூன்று காம்பிராவில் குழந்தைகள் வீரிட்டன. ஆடு எழுந்து மூலைக்கு ஓடியது.

"ஐயா, மெதுவா. செவுத்துக்கு மேல வந்தாப் போதும்."

அதுதான் எனக்கு வரவில்லை. சுவரை மட்டும் தாண்டுகிற அளவுக்குப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று பேசிப் பார்த்தால்தான் தெரியும். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "காத்தாயி அழவில்லை. லொறித் தூசி கண்ணில் விழுந்தது. துடைத்தாள்."

"தூசியா?" என்றது ஒரு குரல். "அன்னைக்கு ஒரே மழைங்களே."

என் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. நல்லவேளையாக வேறொரு காம்பிராவிலிருந்து லெட்சுமி கேட்டாள். "மழைன்னா மூஞ்சியில இருந்தது கண்ணீருதான்னு எப்புடித் தெரிஞ்சுச்சாம்?"

கண்ணீரைத் தாங்கள் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். தலைவர் மறுபடி கேட்டதும், தாங்கள் லொறிக்கு அந்தப் பக்கம் நின்றதாகத் திருத்திக்கொண்டார்கள். தலைவரே அன்று சங்க வேலையாக றக்வானைக்குப் போயிருந்தாராம். அழுததைக் கண்ணால் கண்ட ஒருவரும் அந்த லயத்தில் இல்லை.

வெளியிலிருந்து கிளாக்கரின் குரல் வந்தது. "லொறிக்குப் பக்கத்திலை நிண்டு பேர் பாத்தவன் நான்தான். அந்த மனிசி அழேல்லை. என்னோடை சண்டை பிடிச்சவ."

"எதுக்குங்க?" என்றார் தலைவர்.

"கோழிக்கு. கோழியைக் கப்பலிலை கொண்டுபோக ஏலாது எண்டு சொன்னன். கோழிக்கும் பாஸ்போட் எடுத்திருக்கலாமே எண்டு என்னைப் பேசினவ. லொறி திரும்பு மட்டும் பேச்சுத்தான். கடைசியிலை இறங்கி ஓடிப்போய், அந்தக் கோழியைச் சன்னாசியின்ரை வாசலிலை விட்டிட்டு வந்து ஏறினவ."

அந்த நேரம் பார்த்து சன்னாசியின் காம்பிராவுக்குள் ஒரு கோழி கொக்கரித்தது. லயம் முழுக்கச் சிரிப்பு, ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைவரை ஓடியது. சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. நான் அடுத்த காம்பிராவில் இருந்ததால் எனக்கு அது தெரிந்தது.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். கண்ணீரை எடுத்துவிடவேண்டும். உண்மையில் நடந்தது கோழி ஆகையால் கோழியைச் சேர்க்கவேண்டும். காத்தாயி தரப்பில் சம்மதமா என்று கேட்டார். அந்நிய நாட்டில் வழக்கில் ஜெயித்த மிதப்பில் இருந்தேன் நான். "சம்மதம்" என்றேன். மறுபடி குழந்தைகள் வீரிட்டன.

சன்னாசி துண்டைச் செருகிக்கொண்டு பாடினார்.

லொறி திரும்பையிலே திரும்பிப் பாக்கலை,
கோழிக்குச் சண்டை, கையை ஆட்டலை.

இந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொடர்ந்து பாடி முடித்தார். பாட்டு முடிந்தபோது, அங்கங்கே மிச்சமிருந்த சிரிப்பும் நின்றிருந்தது. யாரும் சரி என்று சொல்லவில்லை. நான் சொல்லவேண்டும் என்பது மறந்துபோய் நானும் படுத்திருந்தேன். தலைவர் ஞாபகப்படுத்திய பிறகு, அவர்கள் சொன்ன அளவுக்கு மெதுவாக, "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எந்தக் குழந்தையும் விழிக்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் பீலிக்குக் குளிக்கப் போனேன். மலைத்தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடத்துக்குப் பீலி என்று பெயர். சன்னாசி ஏற்கெனவே அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார்.

"ஐயா, கிளாக்கர் ஐயா சொன்னது நெசந்தாங்க. அவங்க அழுவல."

"பிறகு ஏன் அப்படிப் பாடினீர்கள்?"

"நான் வெளியவே வரலீங்க அன்னைக்கு. காம்பிராவுக்குள்ளதான் குந்தியிருந்தேன். அவங்க சண்ட போடுற சத்தம் கேட்டுச்சு. கதவத் தட்டுனாங்க. நான் தொறக்கல. லொறி போன பொறவு தொறந்தேன். கோழி நின்னுச்சு."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையைத் துவட்டினார். ஏற்கெனவே துவட்டிய தலை.

"அழுதது நான்தாங்க. ஆம்பள அழுதான்னு பாடுனா மறுநாள் மலையில எல்லாரும் சிரிப்பாங்க. அவங்கதான் போயிட்டாங்களே, அவங்க கண்ணுல வச்சா யாரு கேக்கப்போறான்னு நெனச்சேன்." சிரித்தார். "ஆளையே அனுப்பிட்டாங்க."

அவருடைய குடியுரிமைக் காகிதம் சிலோன் என்று முடிவாகியிருந்தது, காத்தாயியுடையது இந்தியா என்று. இனி அதைத் திருத்த எந்தத் தலைவராலும் முடியாது. ஊரில் ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க. வரிய எடுத்தாச்சுன்னு சொல்லிருங்க" என்றார். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

இறங்கும்போது பஸ்ஸுக்கு மூச்சுவாங்கல் இல்லை. இப்போது பிரேக்தான் பிடிக்கவில்லை. அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வழி நெடுக அந்தக் கோழி வரியை மனசுக்குள் பாடிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருச்சிக்கு வந்து பெட்டியை வைப்பதற்குள் காத்தாயி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். வெற்றிச் செய்தியை விரிவாகவே சொன்னேன். விசாரணை, மழை, சாட்சிகள் பின்வாங்கியது, கிளாக்கரின் வாக்குமூலம், கோழி, தீர்ப்பு எல்லாம் சொல்லி, புது வரியைப் பாடியும் காட்டினேன். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காத்தாயி சிரிக்கவில்லை.

"கோழி இன்னும் இருக்குங்களா?" என்றாள்.

"இருக்கிறது. நன்றாகக் கொக்கரிக்கிறது."

"முட்ட போடுதா?"

அதை நான் கேட்கவில்லை என்றேன். இவ்வளவு தூரம் போய் அதைக் கேட்காமல் வந்தீர்களா என்பதுபோல் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எனக்கு ரகசியம் தங்காது, என் தொழில் அப்படி. பீலியில் சன்னாசி சொன்னதையும் சொல்லிவிட்டேன். கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை, அழுதது யார் என்பதை, மலையில் சிரிப்பார்களே என்று பயந்ததை.

காத்தாயி நின்ற இடத்திலேயே நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. என் மனைவி எழுந்து போய் இறக்கி வைத்தாள்.

"அவரு பாட்டுல அந்த எடத்துல இப்ப எல்லாரும் சிரிக்கிறாங்களாக்கும்?"

"கோழி வரும்போது சிரித்தார்கள்."

"அவரு அழுத எடத்துல!" என்றாள் காத்தாயி. குரல் ஏறிவிட்டது. "உங்கள யாருங்க எடுக்கச் சொன்னது?"

"நீதானே சொன்னாய்!"

"நான் சொன்னா? எனக்கு என்னா தெரியும் அப்ப? போனவருக்கு நிதானிச்சுக் கேக்கத் தெரிய வேணாமா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுக்களைப் பக்கம் இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். இப்போது மெதுவாகப் பேசினாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் பக்கம் போறவங்க யாரு இருந்தாலும் சொல்லி விடுங்க ஐயா. கோழிய எடுத்துறச் சொல்லுங்க. நான் அழுததாவே இருக்கட்டும்."